டக்குனு சத்தம் கேக்கணுமா? ரிலே, டிரான்சிஸ்டர், எத எங்க போடணும்

ரிலே போடவா டிரான்சிஸ்டர் போடவான்னு என்கிட்ட வந்து கேக்குற பசங்ககிட்ட நான் திருப்பி ஒண்ணு கேப்பேன், ஏலே அது என்னைக்காவது ஒருநாள் சாவும்ல, சாவும்போது எப்படி சாவணும்னு நெனைக்க? கோட்டி புடிச்சவன பாக்க மாதிரிதான் முழிப்பானுவ. ஆனா இந்த ரெண்டுல ஒண்ண எடுக்கதுல பாதி விஷயம் அந்த கேள்விலதான் கெடக்கு. மீதி பாதி கணக்கு, அதுவும் எட்டாங்கிளாஸ் பெருக்கல் வகுத்தல்தான். ரிலே பழசு, டிரான்சிஸ்டர் புதுசு, அதனால டிரான்சிஸ்டர்தான் ஒசத்தின்னு நெனைச்சுக்கிட்டு வாரவங்க நெறைய பேரு, அந்த நெனப்பு மட்டும் மொதல்ல போகணும்.

ரிலேங்கது வேற ஒண்ணுமில்ல, ஒரு காயில், அதுல கரண்டு போனா காந்தமாயி ஒரு இரும்புத் தகட்ட இழுக்கும், தகடு போயி ஒரு சுவிட்ச தட்டும், டக். அவ்வளவுதான். 1830கள்லயே ஜோசப் ஹென்றி பண்ணி காட்டுன விஷயம் இது, தந்தி வந்தப்ப ரொம்ப தூரம் போயி ஓஞ்சுபோன சிக்னல வச்சு அடுத்த கம்பில புது பேட்டரி கரண்ட தட்டி விடதுக்கு இததான் போட்டாவ. குதிர மாத்தி குதிர மாத்தி தபால் கொண்டு போவாங்கள்ல, அதுல இருந்து வந்த பேருதான் ரிலே. நம்ம ஊரு ரேடியோல செய்திக்கு முன்னாடி "தில்லி அஞ்சல்"னு சொல்லுவாவ, கேட்டு வளந்தவங்களுக்கு தெரியும், அந்த அஞ்சலும் இதே ரிலேதான்.

டிரான்சிஸ்டர்ல நகருத சாமானே கெடையாது. அத நான் எப்பவும் மடைய வச்சுத்தான் சொல்லுவேன். கன்னடியன் கால்வாய்ல மடப்பலகைய தூக்குனா தண்ணி போவும், எறக்குனா நிக்கும், பாதி தூக்குனா பாதி போவும். கேட்டுன்னோ பேஸுன்னோ சொல்லுத அதோட கட்டுப்பாட்டு கால்ல கொஞ்சமா ஒரு தள்ளு குடுத்தா பெரிய கரண்டு அந்த மட வழியா போவுது. இந்த பாதி தூக்குறதுலதான் எல்லா வில்லங்கமும் இருக்கு, அதுக்கு பொறவு வாரேன்.

வேடிக்கை என்னன்னா ரிலே போடணும்னாலும் டிரான்சிஸ்டர் இல்லாம முடியாது. நீல கலர்ல சின்னதா சதுரமா 5 வோல்ட் ரிலே ஒண்ணு எல்லா கடையிலயும் கெடக்கும்ல, அதோட காயில் 70 ஓம் கிட்ட, அப்ப 5 வோல்ட்டுக்கு 70 மில்லி ஆம்ப் சொச்சம் கேக்கும். அர்டுயினோங்க சின்ன கண்ட்ரோல் போர்டோட பின் 20 மில்லி ஆம்ப் குடுத்தாலே போதும்னு இருக்கும், அதுல நேரா காயில சொருகுனா பின்னு செத்துரும். அதனால நடுவுல பிசி 547ங்க ஒரு சின்ன டிரான்சிஸ்டர், பேஸுக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், காயிலுக்கு குறுக்க தல கீழா ஒரு 1என் 4007 டயோடு, அது கரண்ட ஒரு பக்கம் மட்டும் விடும். அந்த டயோட விட்டுட்டா காயில் ஆஃப் ஆகையில உள்ள இருந்த காந்தம் எங்க போறதுன்னு தெரியாம நூறு வோல்ட்டுக்கு மேல எகிறி அடிக்கும், 45 வோல்ட் தாங்குத பிசி 547 அதுலயே போயிரும், இல்லன்னா ரெண்டு நாள் ஓடிட்டு மூணாம் நாள் போவும், அதுதான் இன்னும் மோசம். ஆறேழு ரிலே ஓட்டணும்னா யுஎல்என் 2003 வாங்கிக்கோங்க, அதுக்குள்ள ஏழு ஜோடி டிரான்சிஸ்டரும் டயோடும் சேந்தே இருக்கு.

சரி கணக்குக்கு வருவோம். அந்த நீல ரிலே டேட்டாஷீட்ல, அதாவது கம்பெனிக்காரன் குடுக்குத விவரத்தாள்ல, ரெண்டு ஆயுசு போட்டிருப்பாங்க. லோடு, அதாவது அது ஓட்டுத லைட்டோ மோட்டாரோ, ஒண்ணும் மாட்டாம சும்மா டக் டக்குனு அடிச்சா 1 கோடி தடவ, முழு லோடு மாட்டி அடிச்சா 1 லட்சம் தடவ. நம்ம மாமா ஒருத்தருக்கு களக்காட்டுக்கு மேல மலையடிவாரத்துல வாழ இருக்கு, பன்னி எறங்கி கெழங்கோட தோண்டி போட்டுருதுன்னு ராத்திரி பூரா மினுக்கி மினுக்கி எரியுத மாதிரி லைட் ஒண்ணு கேட்டாரு. நானும் அப்ப புதுசு, சோலார் பேனல், 12 வோல்ட் பேட்டரி, ரிலேன்னு மாட்டி குடுத்துட்டு வந்துட்டேன். நொடிக்கு ஒரு தடவ அடிச்சா ஒரு ராத்திரிக்கு, 12 மணி நேரம்னு வச்சாலே, 43,200 தடவ. முழு லோடு கணக்குல பாத்தா மூணாவது ராத்திரியே 1 லட்சம் தாண்டிரும். லோடு கம்மிங்கதால கொஞ்ச நாள் தாக்குப்பிடிச்சிச்சு, ஆனா ஒரு மாசம் முடியல, ரிலேக்குள்ள தொட்டு தொட்டு விலகுத பாயிண்ட் கரிஞ்சு லைட் செத்துப்போச்சு. பன்னி அதுவரைக்கும் வராம இருந்தது லைட்டுக்கு பயந்தா டக் டக் சத்தத்துக்கு பயந்தான்னு மாமாவுக்கு இன்னைக்கும் சந்தேகம்.

அந்த எடத்துல வேண்டியது மாஸ்ஃபெட், அதுவும் டிரான்சிஸ்டர்ல ஒரு வகைதான், கேட் உள்ளது. டிசி லோடு, சின்ன வோல்ட்டேஜ், நொடிக்கு நொடி அடிக்கணும், பேட்டரில ஓடணும், இந்த நாலும் சேந்து வந்தா ரிலே பக்கம் திரும்பியே பாக்காதீங்க. பேட்டரிக்கும் கணக்கு இருக்கு, 12 வோல்ட் ரிலே காயில் 30 மில்லி ஆம்ப் இழுக்கும், சும்மா ஆன்ல புடிச்சுக்கிட்டு இருக்கதுக்கே ராத்திரி பூரா 0.36 ஆம்ப் அவர் போயிரும், 7 ஆம்ப் அவர் பேட்டரில இருபதுல ஒரு பங்கு டக்குனு ஒரு சத்தத்துக்கே. மாஸ்ஃபெட் கேட்டுக்கு மாறும்போது மட்டும் ஒரு சொட்டு போதும், அப்புறம் ஒண்ணும் குடிக்காது.

ஆனா மாஸ்ஃபெட் வாங்குனதுலயும் நான் மொதத்தடவ ஏமாந்தேன். ஆன்லைன்ல மாடியூல்னு ஒண்ணு வந்துச்சு, மேல ஐஆர்எஃப் 520. இஎஸ்பி 32ங்க கண்ட்ரோல் போர்டுல மாட்டுனேன், லைட் மங்கலா, சீக்கு வந்தவன் முழிக்க மாதிரி எரியுது, மாஸ்ஃபெட்ட தொட்டா சுரீர்னு சுடுது. பொறவுதான் படிச்சு பாத்தேன், டேட்டாஷீட்ல தெரஷோல்டு 2ல இருந்து 4 வோல்ட்டுன்னு போட்டிருக்கத நம்ம போர்டுல வார 3.3 வோல்ட்ட குடுத்தா தொறந்துரும்னு எடுத்துக்கிடுதோம், அது அப்படி இல்ல, அது மடப்பலக ஒட்டுல இருந்து லேசா அசையுத எடம், ஒரு மில்லி ஆம்ப்ல கால்வாசி ஒழுகுனாலே தெரஷோல்டுன்னு எழுதிருவாங்க. முழுசா தொறக்க அதுக்கு 10 வோல்ட் வேணும். பாதி தொறந்த மடைல தண்ணி இடிச்சுக்கிட்டு போவும்ல, அந்த இடிதான் இங்க சூடு. ஐஆர்எல் இசட் 44ன்னு எல் எழுத்து உள்ளத கேட்டு வாங்குங்க, அது 5 வோல்ட்டுக்கே நல்லா தொறக்கும், தடை 0.025 ஓம்தான், 5 ஆம்ப் போனாலும் அர வாட்டுக்கு கொஞ்சம் மேல, சூட்ட இழுத்து வெளிய விடுத ஹீட் சிங்கே வேண்டாம். இதே எடத்துல டிஐபி 122ங்க பேஸ் வகை டிரான்சிஸ்டர போட்டா 3 ஆம்ப்புக்கு 2 வோல்ட்ட அதுவே முழுங்கிரும், 6 வாட் சூடு, தோச சுடலாம். இஎஸ்பி 32ல இருந்து 3.3 தான் வருதுன்னா அந்த வோல்ட்டுக்கு தடை எவ்வளவுன்னு டேட்டாஷீட்ல தனியா போட்டிருக்க மாஸ்ஃபெட்டா பாத்து எடுக்கணும், இல்ல நடுவுல ஒரு சின்ன டிரான்சிஸ்டர வச்சு கேட்டுக்கு 12 வோல்ட்ட ஏத்தணும். கேட்டுல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கண்டிப்பா போடுங்க, போர்டு பூட் ஆகுத அந்த ஒரு செகண்டு பின்னு அந்தரத்துல தொங்கும், மட தானா தொறந்துக்கிடும்.

இப்ப மோட்டார். இங்கதான் எல்லாரும் அடி வாங்குத எடம்.

ஒரு அண்ணாச்சி வீட்டுல 1 ஹெச்பி மோட்டார், தட்டட்டில டேங்க். டேங்க் நெறஞ்சா தானா நிக்கணும்னு கேட்டாரு. ரிலேல 10 ஆம்ப் 250 வோல்ட்டுன்னு அச்சடிச்சிருக்கு, மோட்டாரு ஓடும்போது 6, 7 ஆம்ப்தான், தாராளமா தாங்கும்னு மாட்டிட்டேன். ஒரு நாளைக்கு ரெண்டு தடவதான் ஓடும், வருசத்துக்கு 730, 1 லட்சத்த அதால வகுத்தா 130 வருசத்துக்கு மேல வரும், பேரன் காலம் வரைக்கும் கவல இல்லன்னு பெரும வேற பேசுனேன். மூணு வாரம். ஒரு நாள் விடிய விடிய தட்டட்டில இருந்து தண்ணி கொட்டி, வாருகால் நெறஞ்சு, தெருவுல ஓடி, பக்கத்து வீட்டு ஆச்சி காலைல கோலம் போட வந்தவ ஏசுன ஏச்சு இருக்கே. நான் போயி போர்டுல எழுதுன புரோகிராம் கோட்ல தப்பு தேடிக்கிட்டு இருக்கேன், போர்டு ஆஃப்னு சொல்லுது, ரிலேல லைட்டும் அணஞ்சுதான் இருக்கு, மோட்டாரு மட்டும் ஜம்முனு ஓடுது. சவத்தன்னு திருப்புளிக் கைப்பிடியால ரிலே மண்டைல ஒரு தட்டு தட்டுனேன், டக்குன்னுச்சு, மோட்டாரு நின்னுட்டு.

பாயிண்ட் ரெண்டும் பத்த வச்சாப்ல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. மோட்டாரு ஓடும்போது 7 ஆம்ப்தான், ஆனா கெளம்பும்போது அஞ்சாறு மடங்கு இழுக்கும், 35, 40 ஆம்ப். அந்த நேரம் பாத்து தகடு போயி மோதி ஒரு தடவ குதிச்சு திரும்ப ஒட்டும், குதிக்குத நேரத்துல பொறி பறக்கும், வெள்ளி உருகும், உருகுன எடத்துலயே ஒக்காந்தா வெல்டிங்தான். ரிலே மேல எழுதிருக்க 10 ஆம்ப் ஹீட்டர் மாதிரி அடக்கமான லோடுக்கு எழுதுனது. கான்டாக்டர்னு பெரிய லோடுக்கு செஞ்ச பெரிய ரிலே ஒண்ணு உண்டு, அத வாங்கையிலயும் இத பாக்கணும், ஒரே டப்பால ஏசி 1க்கு 25 ஆம்ப், ஏசி 3க்கு 9 ஆம்ப்னு ரெண்டு போட்டிருப்பான், ஏசி 1 ஹீட்டருக்கு, ஏசி 3தான் மோட்டாருக்கு. கடைக்காரர் பெரிய நம்பரத்தான் சொல்லுவாரு. மோட்டாருதான்னு இல்ல, எல்இடி பல்பு இருபது முப்பது ஒண்ணா ஒரு ரிலேல மாட்டுனாலும் இதே கததான், ஒவ்வொண்ணுக்குள்ளயும் கரண்ட சேத்து வைக்குத ஒரு கெபாசிட்டர் காலியா கெடக்கும், ஆன் பண்ணுன உடனே எல்லாம் ஒண்ணா குடிக்க ஓடும்.

அதனால மோட்டாருக்கு வழி, சின்ன ரிலே மோட்டார தொடவே கூடாது, அது கான்டாக்டர் காயில மட்டும் தட்டணும், கான்டாக்டர் மோட்டார தட்டட்டும். கெணத்து மேட்டுல இருக்க ஸ்டார்ட்டரும் இதேதான், பச்ச பட்டன் அமுக்குனா நோ வோல்ட் காயில் இழுக்கும், கரண்டு போனா விட்டுரும், திரும்ப கரண்டு வந்தா தானா ஓடாது, அதுக்குத்தான் ஆட்டோ சுவிட்ச் போடுதது. அதுல பாயிண்ட் கருத்துருச்சுன்னு உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்கய்யா, கருப்பா இருந்தாலும் வெள்ளி கரண்ட விடும், தேய்க்க தேய்க்க வெள்ளிதான் தேயுது, கடைசில பித்தள வரும், அது ஒரு வாரத்துல எரியும்.

டிசில ரிலே போடதுக்கு இன்னொரு முட்டுக்கட்ட இருக்கு. அதே ரிலேல 250 வோல்ட் ஏசின்னு எழுதுன பக்கத்துலயே 30 வோல்ட் டிசின்னு எழுதிருக்கும், நிறைய பேரு கவனிக்கதில்ல. நம்ம வீட்டு கரண்டு 50 ஹெர்ட்ஸ், செகண்டுக்கு 100 தடவ பூஜ்ஜியத்துக்கு வந்துட்டு போவும், பாயிண்ட் பிரியும்போது பொறி புடிச்சாலும் அடுத்த பூஜ்ஜியத்துல அணைஞ்சிரும். டிசிக்கு அந்த பூஜ்ஜியமே கெடையாது. சோலார் பம்புக்கு பேனல வரிசையா மாட்டி நூத்துக்கணக்கான வோல்ட் டிசி வரும், அத சாதா ரிலேயால நிறுத்த பாத்தா நீலமா ஒரு தீ நாக்கு புடிச்சுக்கிட்டு பிளாஸ்டிக்கெல்லாம் உருகுத வரைக்கும் விடாது.

இதுக்கு நடுவுல எஸ்எஸ்ஆர், அதாவது சாலிட் ஸ்டேட் ரிலேன்னு ஒண்ணு வந்து நிக்கும், சத்தமில்லாத ரிலே, உள்ள டிரையாக்கோ தைரிஸ்டரோ இருக்கும், ரெண்டும் டிரான்சிஸ்டருக்கு சொந்தக்கார சுவிட்ச்தான். கோயில் கொடைக்கு சீரியல் செட் கட்டுவாங்கள்ல, முன்ன ஒரு உருளைல செம்புப் பட்ட ஒட்டி சின்ன மோட்டார் சுத்த வச்சு ஒரசி ஒரசி லைட்ட ஓட விடுவாவ, கிட்ட போனா பொறியும் வாசனையும் வரும், இப்ப எல்லாம் டிரையாக் போர்டுதான், விடிய விடிய ஓடுனாலும் தேய ஒண்ணுமில்ல. அந்த மாதிரி எடத்துக்கு இது நல்லது, ஆனா ரெண்டு கொற. ஒண்ணு சூடு, ஒரு வோல்ட்டுக்கு மேல எப்பவும் அதுல விழும், 10 ஆம்ப் போனா 12 வாட் கிட்ட, ஹீட் சிங் இல்லாம டப்பால அடச்சா பங்குனி வெயில்ல கத முடிஞ்சுது. ரெண்டாவது, ஆஃப்னா முழு ஆஃப் கெடையாது. உள்ள எகிறுத வோல்ட்ட அடக்கதுக்கு ஸ்னப்பர்னு 0.1 மைக்ரோ ஃபேரட் கெபாசிட்டர் இருந்தா அது வழியாவே 7 மில்லி ஆம்ப் ஒழுகும், ஆஃப் பண்ணுன எல்இடி பல்பு ராத்திரி மினுக் மினுக்குனு எரியுதே, பேயா பிசாசான்னு போன் பண்ணுவாங்க, அது இதுதான். ஈரக்கையோட வேல பாக்குத எடத்துல எஸ்எஸ்ஆர் ஆஃப்ல இருக்குன்னு நம்பி வயர தொட்ராதீங்க, மெயின எறக்கிட்டு தொடுங்க.

இப்ப மொதல்ல கேட்ட கேள்வி. டிரான்சிஸ்டரோ மாஸ்ஃபெட்டோ டிரையாக்கோ, செத்தா பெரும்பாலும் ஷார்ட் ஆயித்தான் சாவும், அதாவது மட உடஞ்சு போயி தண்ணி போய்க்கிட்டே இருக்கும், லோடு ஆன்லயே நிக்கும், சத்தமும் இல்ல. ரிலே சாவுறது ரெண்டு விதம், கரிஞ்சு தொடாம போனா லோடு ஓடாது, உருகி ஒட்டுனா நிக்காது. ஓடாம போனா நஷ்டம் கம்மின்னு இருக்க எடம் எது, நிக்காம போனா ஆபத்துன்னு இருக்க எடம் எதுன்னு பாருங்க. பன்னி லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்தா பேட்டரிதான் காலி. வாட்டர் ஹீட்டரு நிக்கலன்னா? அந்த எடத்துல ரிலேயோ டிரான்சிஸ்டரோ எதையும் ஒத்தையா நம்பக்கூடாது, வேற வகைல வேல செய்யுத இன்னொண்ணு வரிசைல இருக்கணும்.

ரயில்வேகாரங்க இதுல கெட்டி. சிக்னல் ரிலேல ஒரு வகை இருக்கு, ஒரு பாயிண்ட் வெள்ளி, எதிர் பாயிண்ட் கரி, ரெண்டும் எவ்வளவு சூடானாலும் ஒட்டிக்கிடாது. காயில்ல கரண்டு போச்சுன்னா தகடு விழுந்துதான் ஆகணும், விழுந்தா சிக்னல் செவப்பு. அதாவது எப்படி சாவணும்னு மொதல்லயே முடிவு பண்ணி செஞ்ச ரிலே அது. நம்ம சங்ஷன்ல வண்டி செவப்புல நிக்கையில எரிச்சலா வரும், ஆனா கோளாறுன்னா செவப்புல நிக்கது நல்லதுக்குத்தான்.

ரெண்டுல எதுன்னு இவ்வளவு நேரம் பேசிட்டு, ரெண்டையும் சேத்து போட்ட எடத்த சொல்லாம விட முடியல. வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு வழியா நாகர்கோயில் போறப்ப ரெண்டு பக்கமும் கரண்டு எடுக்குத காத்தாடி நிக்கும். அதுல பழைய வகைல ஜெனரேட்டர நேரா லைனோட சேப்பாங்க. டக்குனு கான்டாக்டரால சேத்தா மோட்டார் மாதிரியே பல மடங்கு கரண்டு இடிச்சுக்கிட்டு வரும், கியர் பாக்ஸுக்கும் அடி. அதனால மொதல்ல தைரிஸ்டர வச்சு மடைய பைய பைய தொறப்பாங்க. முழுசா சேந்த பொறவு, 250 கிலோவாட் காத்தாடின்னு வச்சுக்கோங்க, 400 வோல்ட்ல ஒரு ஃபேஸ் லைனுக்கு 360 ஆம்ப் கிட்ட ஓடும், தைரிஸ்டர்லயே விட்டு வச்சா ஃபேஸுக்கு 400 வாட் மாதிரி, மூணு ஃபேஸும் சேந்து ஒரு அயர்ன் பாக்ஸ விட அதிகமா காத்து வீசுத நாள் பூரா சும்மா சூடா போவும். அதனால சேந்த உடனே பக்கத்துல ஒரு கான்டாக்டர் டக்குனு விழுந்து தைரிஸ்டர தாண்டி கரண்ட கொண்டு போயிரும். அந்த கான்டாக்டருக்கும் லாபம், ரெண்டு பக்கமும் வோல்ட்டேஜ் வித்தியாசமே இல்லாதப்ப மூடுதுங்கதால பொறியே பறக்காது.

சாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு, நம்ம பக்கம் அதுதான் சாஸ்தி. எறும்பு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள எறும்பு கூடு கட்டி பாயிண்டுக்கு நடுவுல நசுங்கி நசுங்கி கரி புடிச்சு, ஒரு ஃபேஸ் தொடாம மோட்டாரு உறுமிக்கிட்டு காயில் எரிஞ்ச கத ஊருக்கு நாலு இருக்கும், பல்லியும் அப்படித்தான். ஹார்வர்டுல மார்க் 2ன்னு முழுக்க ரிலேயால செஞ்ச கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்துச்சு, 1947 செப்டம்பர் 9ஆம் தேதி அது மக்கர் பண்ண, தேடி பாத்தா ஒரு ரிலேக்குள்ள அந்துப்பூச்சி, அத எடுத்து நோட்டுல டேப் போட்டு ஒட்டி வச்சாங்க. அதே வருசம் டிசம்பர்லதான் பெல் லேப்ஸ்ல பார்டீனும் பிராட்டைனும் மொத டிரான்சிஸ்டர ஓட வச்சாங்க. பூச்சி நொழைய எடமே இல்லாத சுவிட்ச், மூணு மாசம் முந்தி வந்திருக்கலாம்.

அண்ணாச்சி வீட்டுல இப்ப என்ன இருக்குன்னா, இஎஸ்பி 32, அதுக்கு ஒரு பிசி 547, அது அந்த நீல ரிலேய தட்டும், ரிலே கான்டாக்டர் காயில தட்டும், கான்டாக்டர் மோட்டார. காயில் லைன்லயே தனியா தண்ணியோட மெதந்து ஏறுத ஒரு ஃப்ளோட் சுவிட்ச், கோடு கோட்டி புடிச்சாலும் ரிலே ஒட்டிக்கிட்டாலும் டேங்க் நெறஞ்சா அது அறுத்துரும். கான்டாக்டரே ஒட்டிக்கிட்டா? அதுக்கு ஏசி 3ல ஒரு சைஸ் பெருசா போட்டிருக்கு. பெட்டி மேல இருக்க 12 வோல்ட் எல்இடிக்கு மட்டும் மாஸ்ஃபெட். "ஏ தம்பி, சத்தமே இல்லாத மாதிரி செய்ய முடியாதா"ன்னு மொதல்ல கேட்டவரு, இப்ப அடுப்படில இருந்தே டக்குன சத்தத்த கேட்டு மோட்டார் போட்டாச்சுன்னு சொல்லுதாரு. வயர் நொழையுத ஓட்டையெல்லாம் எம் சீல் வச்சு அடச்சாச்சு, பெட்டிய சுத்தி எறும்பு சாக்பீஸால ஒரு கோடு. மாசத்துக்கு ஒருக்க அந்த கோட்ட புதுசா போடணும், அது அண்ணாச்சி வேல.